பெயர் ஒன்று, நூல் மூன்று

எங்கள் ஊரிலே கந்தசாமி என்னும் பெயருடையோர் நால்வர் இருக்கின்றனர். புதிதாக ஒரு தபாற்காரர் வந்து சேர்ந்தால், முதல் மாதம் முழுவதும் ஒருவருடைய கடிதம் மற்றொருவர் வீட்டுத் திண்ணையிற் கிடக்கும். பின்னர் அவரும் ஊரவரைப் போலவே, ‘சங்கக்கடைக் கந்தசாமி’, ‘கிணற்றடிக் கந்தசாமி’ என்று வேறுபிரித்து அறியப் பழகிக்கொள்வார். பெயர் மாத்திரம் ஓர் ஆளை அடையாளங் காட்டப் போதாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆயினும், நூல்களின் சங்கதியும் இத்தகையதே என்பதை, முப்பத்திரண்டு வருடங்கள் கணிதம் கற்பித்து இளைப்பாறிய நான் அறியாதிருந்தேன். அறிந்துகொள்வதற்கு நான் கொடுத்த விலை சிறிதன்று. பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் வேறு எவரும் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

என் இளைய மகள் மருத்துவபீடத்துக்குத் தெரிவானபோது எங்கள் வீட்டில் உண்டான மகிழ்ச்சியை இங்கே விரித்துக் கூறுதல் வேண்டாம். உயர்தரப் பரீட்சையின் முடிவுக்காகக் காத்திருந்த வீடுகள் யாவும் அதனை அறியும். முதல் வாரத்தின் முடிவில் அவள் ஒரு கடதாசித் துண்டைக் கொண்டுவந்தாள். சிரேட்ட மாணவர்கள் சொன்ன நூல்களின் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. முதலாவது பெயர் ‘கிறேஸ் அனற்றமி’. உடற்கூற்றியல் என்றதும் உலகெங்கும் நினைவுக்கு வரும் பெயர் அதுவே.

“இப்போதைக்கு நூலகத்திற் பார்த்துக்கொள்ளலாம், அப்பா. அவசரமில்லை” என்றாள்.

அவசரமில்லை என்று பிள்ளைகள் சொல்லும்போது, தந்தையின் கையிருப்பை எண்ணித்தான் சொல்லுகின்றார்கள் என்பது எனக்குத் தெரியாதா? அடுத்த மாதம் ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்குப் போனவன், அலுவல் முடிந்ததும் ஒரு புத்தகசாலைக்குள் நுழைந்தேன். பெயரைச் சொன்ன மாத்திரத்தே, அங்கிருந்த இளைஞர் ஒரு தடித்த நூலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பளபளக்கும் அட்டை, பொன்னிற எழுத்து, உள்ளே எலும்பையும் நரம்பையும் மயிரிழை போன்ற கோடுகளால் வரைந்து காட்டிய படங்கள். விலையோ நான் அஞ்சியதிற் பாதிக்கும் குறைவு. அதுவே என்னை எச்சரித்திருக்க வேண்டும். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கின்றோம். மாம்பழம் வாங்கும்போது முகர்ந்து பார்க்கின்றோம். அந்த நூலை மட்டும் நான் பெயரைப் பார்த்தே வாங்கினேன். இரவுப் பேருந்திலே, முன்னே வைத்தால் விழுந்துவிடும் என்று, விடியும்வரை அதனை மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மகள் நூலை வாங்கினாள், திறந்தாள், சிறிது நேரம் பார்த்தாள். பின்பு, “நல்ல புத்தகம், அப்பா” என்றாள். அவள் குரலில் இருந்த ஒரு சிறு தயக்கத்தை நான் களைப்பென்று எண்ணிக்கொண்டேன்.

தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அலுமாரியின் மேற்தட்டிலே, பத்திரிகைத் தாளாற் சுற்றப்பட்ட ஒரு பொதி கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். நான் வாங்கிய நூல்! ஓர் ஏட்டிலேனும் மடிப்பு இல்லை; கைபட்ட அடையாளம் இல்லை. மூன்று மாதங்களாக அவள் மாலை ஆறு மணிவரை நூலகத்தில் இருந்து படித்துவிட்டு வந்ததன் காரணம் அப்பொழுதே எனக்கு விளங்கிற்று.

“ஏன் பிள்ளை, இதைத் தொடவே இல்லையா?” என்று கேட்டேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “புத்தகம் புதியது, அப்பா. ஆனால், உள்ளே இருப்பது பழையது” என்றாள்.

அவள் முதற்பக்கத்தைப் புரட்டிப் பின்புறத்தைக் காட்டினாள். சிறிய எழுத்திலே விவரம் இருந்தது. நான் வாங்கியது, 1901ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பதிப்பின் மறு அச்சு. கடதாசியும் அட்டையும் நேற்றையவை. பாடமோ நூற்றாண்டுக்கு முந்தியது. எனக்குச் சினம் வந்தது. தவறு செய்தவனுக்கு முதலில் வருவது சினந்தானே! “மனிதனுடைய எலும்பு நூறு வருடத்தில் மாறிவிட்டதா?” என்று கேட்டேன்.

“எலும்பு மாறவில்லை, அப்பா. அதைப் பற்றி அறிந்ததும், அதற்கு இட்ட பெயரும் மாறிவிட்டன. இதில் ‘ஓமோன்’ என்று தேடிப் பாருங்கள்” என்றாள். அகராதி வரிசையில் தேடினேன், இல்லை. இருக்கவும் முடியாது. அந்தச் சொல்லை ஆங்கிலேய உடற்றொழிலியலறிஞர் ஸ்ராலிங் உலகுக்கு அறிமுகஞ் செய்தது 1905ஆம் ஆண்டிலேதான். இதயத்துக்கு அருகே பெருநாடியிலிருந்து கிளைக்கும் ஒரு பெரிய நாடியைப் பழைய நூல்கள், ‘பெயரிடப்படாதது’ என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லாற் குறித்தன. இன்றைய மாணவி அதனைப் புயத்துக்கும் தலைக்கும் உரிய நாடி என்று பொருள்படும் வேறு பெயராற் சொல்ல வேண்டும். பழைய நூலைப் படித்துவிட்டு வாய்மொழிப் பரீட்சைக்குப் போனால், கேள்வியே விளங்காது.

“அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“இரவு முழுதும் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக அம்மாவிடம் சொன்னீர்களே, எப்படிச் சொல்வது?” என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பணம் போனது ஒரு புறம். என் மனம் நோகும் என்று அந்தப் பிள்ளை மூன்று மாதம் மறைத்துச் சுமந்தாளே, அதுவே என்னை வருத்தியது.

அடுத்த நாள், இரண்டு ஒழுங்கை தள்ளி வசிக்கும் நண்பர் ஒருவரிடம் நூலோடு போனேன். அவர் வாழ்நாளெல்லாம் நூலகராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். என் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. முதலில் அந்த நூலின் வரலாற்றைச் சொன்னார்.

ஹென்றி கிறே என்னும் ஆங்கிலேய மருத்துவர் எழுத, ஹென்றி வண்டைக் காட்டர் என்னும் மருத்துவர் படம் வரைய, 1858ஆம் ஆண்டிலே இலண்டனில் முதற்பதிப்பு வெளிவந்தது. மூன்றே ஆண்டுகளில், 1861ஆம் ஆண்டு, கிறே பெரியம்மை நோயால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 34. ஆயினும் நூல் இறக்கவில்லை. வேறு அறிஞர்கள் அதனைத் திருத்தியும் விரித்தும் வந்தார்கள். 2008ஆம் ஆண்டு, நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவின்போது, நாற்பதாம் பதிப்பு வந்தது. 2020ஆம் ஆண்டு 42ஆம் பதிப்பு வந்தது. அது மருத்துவ நிபுணர்களும் கையாளும் பெருநூல். மாணவர்க்கென்றே வேறு ஆசிரியர்கள் புதிதாக எழுதிய மற்றொரு நூலும் கிறேயின் பெயரைத் தாங்கி, 2005ஆம் ஆண்டு தொடக்கம் பல பதிப்புகளாக வந்துகொண்டிருக்கின்றது. இவை போதாவென்று, காப்புரிமைக் காலம் கழிந்த பழைய பதிப்புகளை, படங்களின் அழகுக்காகவும் வரலாற்று ஆர்வத்துக்காகவும் மறு அச்சிட்டு மலிவாக விற்பதும் உண்டு. அது குற்றமன்று, அத்தகைய நூலை விரும்பி வாங்குவோர் இருக்கின்றனர். ஆக, பெயர் ஒன்று, நூல் மூன்று. மகளுக்கு வேண்டியது இரண்டாவது. நான் வாங்கியது மூன்றாவது.

“மாஸ்ரர், நீங்கள் பெயரைக் கேட்டீர்கள்; இலக்கத்தைக் கேட்கவில்லை” என்றார் நண்பர். நூலைத் திருப்பிப் பின்னட்டையைக் காட்டினார். கறுப்புக் கோடுகளுக்கு மேலே பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருந்தது. “இதுதான் சர்வதேச நியமப் புத்தக இலக்கம். ஐ.எஸ்.பி.என். என்பார்கள்” என்றார். அந்த எண்ணை நான் ஆயிரம் முறை கண்டிருப்பேன். விலைச்சீட்டைச் சேர்ந்த ஏதோ ஒன்றென்று எண்ணி ஒருமுறையேனும் வாசித்ததில்லை.

இந்த இலக்கம் பிறந்த கதையும் சுவையானது. 1960களின் நடுப்பகுதியில், பிரித்தானியாவின் பெரிய நூல் விற்பனை நிறுவனமாகிய டபிள்யூ. எச். சிமித், தன் பண்டகசாலையைக் கணினியின் பொறுப்பில் விட எண்ணியது. கணினிக்குப் பெயரைவிட எண்ணே எளிது. அதன்பொருட்டு ஒன்பது இலக்கங்கள் கொண்ட ஒரு முறையை வகுத்தவர், டப்ளின் திரித்துவக் கல்லூரியிற் புள்ளியியற் பேராசிரியராக விளங்கிய கோர்டன் பொஸ்ரர். 1967ஆம் ஆண்டு அது பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்தது. 1970ஆம் ஆண்டு, பத்து இலக்கங்களோடு, சர்வதேச நியமமாயிற்று. 2007ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் பதின்மூன்று இலக்கங்களாக விரிந்தது. பழைய பத்து இலக்க எண்ணைப் புதியதாக்குவதற்கு, முன்னே 978 சேர்த்து இறுதி இலக்கத்தை மீண்டும் கணித்தாற் போதும். ஆகவே, பழைய எண்ணோடு கிடைக்கும் நூலைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

பதின்மூன்று இலக்கங்களும் ஐந்து பகுதிகளாகப் பிரியும். முதலில் வருவது 978 அல்லது 979. அடுத்தது நாட்டையோ மொழிப் பிரதேசத்தையோ குறிப்பது. இலங்கைக்கு 955, 624 என்பன. இந்தியாவுக்கு 81, 93 என்பன. ஆங்கில மொழிப் பிரதேசங்களுக்கு 0, 1 என்பன. மூன்றாவது பகுதி பதிப்பகத்தைக் காட்டும். நான்காவது, அப்பதிப்பகத்தின் குறித்த நூலைக் காட்டும். ஐந்தாவது, ஒரே ஓர் இலக்கம், சோதனை இலக்கம். எங்கள் நாட்டிலே இவ்வெண்களை வழங்குவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஒருவருடைய நாவல் சென்னையில் வெளியானால், அது இந்திய எண்ணையே தாங்கும். எண் சொல்வது பதிப்பகத்தின் இடத்தை. எழுதியவரின் ஊரை அன்று.

சோதனை இலக்கம் என்றதும் என்னுள்ளே இருந்த கணித ஆசிரியன் விழித்துக்கொண்டான். இதனை வாசிக்கும் மாணவரும் ஒரு கடதாசியை எடுத்துக்கொள்ளலாம். 978-0-306-40615-7 என்னும் எண்ணைப் பாருங்கள். இறுதி ஏழை விட்டுவிட்டு, மற்றைய பன்னிரண்டு இலக்கங்களையும் இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என மாறிமாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். 93 வரும். அதனை அடுத்த பத்தின் மடங்காகிய 100 ஆக்குவதற்கு 7 வேண்டும். அந்த ஏழே இறுதி இலக்கம். எழுதும்போது ஏதேனும் ஓர் இலக்கம் பிழைத்தாலும் கணக்கு ஒத்துவராது, பிழை பிடிபட்டுவிடும்.

ஆயினும் இந்தக் காவலாளிக்கும் ஒரு கண் சற்று மங்கல். அதே எண்ணில், அடுத்தடுத்து நிற்கும் 6ஐயும் 1ஐயும் இடம் மாற்றி எழுதிக் கூட்டிப் பாருங்கள், 83 வரும், மீண்டும் 7தான் வேண்டும். அடுத்தடுத்த இரு இலக்கங்களுக்கிடையே வேறுபாடு 5 ஆக இருந்தால், இடமாற்றம் கண்ணிற் படாது. 11ஆல் வகுத்துச் சோதித்த பழைய பத்து இலக்க முறையோ இதனையும் பிடித்துவிடும். அதில் மீதிக் கணக்குப் பத்தாக வரும்போது, ஓர் இலக்கத்துக்குரிய இடத்தில் அடங்காமையால், ரோமரின் பத்தாகிய ‘எக்ஸ்’ என்னும் எழுத்தை இட்டார்கள். பழைய நூல்கள் சிலவற்றின் எண் எழுத்தில் முடிவதன் இரகசியம் அதுவே.

கணக்கிலே மகிழ்ந்திருந்த என்னை நண்பர் மீண்டும் விஷயத்துக்கு இழுத்து வந்தார். “இந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறியாவிட்டால் மறுபடியும் ஏமாறுவீர்கள்” என்றார்.

பாடத்திலே குறிப்பிடத்தக்க மாற்றஞ் செய்து புதிய பதிப்பு வெளியிட்டால், புதிய எண் இட வேண்டும். கெட்டி அட்டைக்கு ஓர் எண். மெல்லட்டைக்கு வேறோர் எண். மொழிபெயர்ப்புக்கு வேறு எண். கணினியில் வாசிக்கும் மின்னூலுக்கும் வேறு எண். பல பாகங்கள் கொண்ட நூலாயின், முழுத் தொகுதிக்கு ஓர் எண்ணும், தனித்தனியே விற்கப்படும் பாகங்களுக்கு வெவ்வேறு எண்களும் இருக்கலாம். ஆனால், மாற்றமின்றி மீண்டும் அச்சிட்டாலும், விலையை மாத்திரம் மாற்றினாலும் எண் மாறாது. ஆகையால், உங்கள் கையிலிருப்பது முதல் அச்சா பத்தாம் அச்சா என்பதை இந்த எண்ணைக்கொண்டு அறிய முடியாது. அதற்கு முகப்புத்தாளின் பின்புறத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பதிப்பகங்கள் பல அங்கே 1 முதல் 10 வரை ஓர் எண் வரிசையை இட்டு, ஒவ்வோர் அச்சுக்கும் ஒவ்வொன்றாக நீக்கிவருகின்றன. எஞ்சியவற்றுள் மிகச் சிறியது எதுவோ, அதுவே அச்சின் எண்.

தமிழ் நூல்களில் இந்த மயக்கம் இன்னும் அதிகம். நாங்கள் திருத்தி வெளியிட்டதையும் ‘பதிப்பு’ என்கின்றோம். வெறுமனே மீண்டும் அச்சிட்டதையும் ‘பதிப்பு’ என்கின்றோம். ‘ஐந்தாம் பதிப்பு’ என்று கண்டதும், ஐந்து முறை திருத்தப்பட்டதாக எண்ணிவிடுகின்றோம். எண் மாறாதிருக்கின்றதா என்று பார்த்தால், அது பெரும்பாலும் மறு அச்சே என்பது தெரிந்துவிடும். சில பதிப்பகங்கள் கவனக்குறைவாகப் பழைய எண்ணையே திருத்திய பதிப்புக்கும் இட்டுவிடுவதும் உண்டு. ஆகையால், எண்ணோடு ஆண்டையும் பதிப்பு விவரத்தையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு. மூன்றும் ஒத்திருந்தால் வாங்கலாம்.

மறுநாள் மகள் நூலகப் பிரதியின் முகப்புத்தாளைப் பார்த்து எண்ணைக் குறித்து வந்தாள். கொழும்பிலிருக்கும் என் மருமகன், தங்கையின் மூத்தவன், அதனைத் தொலைபேசியிற் கேட்டு எழுதிக்கொண்டான். ஒரு மணித்தியாலத்தின் பின், “மாமா, அப்படி ஒரு புத்தகமே இல்லை என்கிறார்களே” என்றான். நான் கடதாசியை எடுத்துப் பெருக்கிக் கூட்டினேன். கணக்கு ஒத்துவரவில்லை. பிழை கடையில் இல்லை. எங்கள் துண்டில் இருந்தது. மகள் அவசரத்தில் எழுதிய 1ஐ நான் 7 என்று வாசித்திருந்தேன். அதனைத் திருத்திக் கூட்டியதும் கணக்குச் சரிவந்தது. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய கூட்டல்களுள் எதுவும் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

மருமகன் மீண்டும் அழைத்தான். இம்முறை அவன் கையில் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்றின் எண் எங்களுடையதோடு முற்றாக ஒத்தது. மற்றொன்று அதே பதிப்பு, அதே ஆசிரியர்கள், அதே ஆண்டு, எண் மாத்திரம் வேறு, விலையும் குறைவு. குறித்த சில நாடுகளில் விற்பதற்கென்று வெளியிட்ட சர்வதேசப் பதிப்பாம் அது. முன்னொரு முறை மலிவில் ஏமாந்தவன் அல்லவா? “வேண்டாம்” என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் தொலைபேசியை வாங்கி, அதிகாரங்களின் பெயர்களையும், சில பக்கங்களின் எண்களையும், ஒரு படத்தின் இலக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் குறிப்போடு ஒப்பிட்டாள். யாவும் ஒத்திருந்தன. “குறைந்த விலையுடையதே போதும், அண்ணா” என்றாள்.

கேத்திரகணிதத்திலே தேற்றம் உண்மையானால் அதன் மறுதலையும் உண்மையாக வேண்டும் என்பதில்லை. இதனை எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன்! எண் ஒன்றாயின், பதிப்பகம் தவறாதவிடத்து, பதிப்பும் ஒன்றே. ஆனால், எண் வேறாயின் பாடமும் வேறு என்பது கட்டாயமன்று. அட்டை வேறாகலாம், விற்கும் நாடு வேறாகலாம். எண் வாசலைக் காட்டும். உள்ளே சென்று பார்ப்பது எங்கள் வேலை. அந்த நூலின் பொருட்டு நான் மூக்குக்கண்ணாடி மாற்றுவதை இரண்டு மாதம் பின்போட்டேன். அவள் அதனை மேசையில் விரித்து வைத்துப் படிப்பதைக் காண்பதற்குப் பழைய கண்ணாடியே போதுமாயிருந்தது.

ஒரு மாலை நண்பரிடம், “இந்த எண் இல்லாத நூல்களை என்ன செய்வது?” என்று கேட்டேன். அவர் எழுந்து போய் ஒரு பழுப்பேறிய தமிழ் நூலைக் கொண்டுவந்தார். முகப்புத்தாள் இல்லை. 1960களுக்கு முந்திய எந்த நூலுக்கும் இத்தகைய எண் கிடையாது. அங்கே முகப்புத்தாளே பிறப்புச் சாட்சிப் பத்திரம். அதில் உள்ள அச்சகத்தின் பெயர், பதிப்பித்தவர் பெயர், ஆண்டு என்பவையே சாட்சிகள். ஆண்டும் சில நூல்களில் தமிழ்ப் பெயரால் மாத்திரம் இருக்கும். ‘சுபகிருது’ என்று கண்டால், அது 1842ஆ, 1902ஆ, 1962ஆ? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமே! கடதாசியையும் எழுத்தின் வடிவையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உடற்கூற்றியல் நூல்களுக்கும் எங்கள் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டென்று அவர் நினைவூட்டினார். 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதன்பொருட்டு உடற்கூற்றியல் முதலிய துறை நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் ஒரு பழைய பிரதி இன்று ஒருவர் வீட்டுப் பரணிற் கிடைத்து, முகப்புத்தாள் கிழிந்திருந்தால், அது முதற்பதிப்பா திருத்திய பதிப்பா என்பதை அறிய எவ்வளவு பாடுபட வேண்டும்!

“1981ஆம் ஆண்டு எங்கள் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போயின” என்றார் நண்பர். “அங்கே இருந்தவற்றின் பெயர்களை நினைவிலிருந்து சொல்ல இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். எந்த ஆண்டுப் பதிப்பு, யார் பதிப்பித்தது என்று கேட்டால் பேச மாட்டார்கள். பெயரை நினைவு வைத்திருப்பதும் நூலை நினைவு வைத்திருப்பதும் வேறு, மாஸ்ரர்.” சிறிது நேரம் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மாணவ மாணவியரே, ஆசிரியர் ஒரு நூலைக் குறிப்பிட்டால், பெயரோடு நின்றுவிடாதீர்கள். ஆசிரியர் பெயர், பதிப்பு, ஆண்டு, பதின்மூன்று இலக்க எண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியிலே பெரிய நூலகங்களின் பட்டியல்களில் அந்த எண்ணை இட்டால், நூலின் விவரம் வந்து நிற்கும். நூலுக்கு உறை போடும்போது, முகப்புத்தாளைக் கிழித்துவிடாதீர்கள். பெற்றோரே, அந்த நான்கு விவரமும் இல்லாத துண்டோடு கடைக்குப் புறப்படாதீர்கள். பிள்ளை “அவசரமில்லை” என்றால், “எண் என்ன?” என்று கேளுங்கள்.

இப்பொழுது மகள் மூன்றாம் வருட மாணவி. கனிஷ்ட மாணவருக்கு அவள் எழுதிக் கொடுக்கும் துண்டுகளில், ஒவ்வொரு பெயருக்கும் கீழே எண்ணும் இருக்கின்றது. ஒன்றையும் ஏழையும் தெளிவாக எழுதுகின்றாள்.

நான் வாங்கிய பழைய கிறே என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதனை நூல்நிலையம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று சென்ற மாதம் தேடினேன். அலுமாரியின் மேற்தட்டில் இல்லை. அவளுடைய மேசையில் இருந்தது. “படங்கள் நன்றாக இருக்கின்றன, அப்பா. உறுப்பின் மேலேயே பெயரை எழுதிக் காட்டுகின்றார்கள், மனத்திற் பதிந்துவிடுகின்றது” என்றாள். அவற்றுட் பல, முதற்பதிப்புக்கு வரைந்த காட்டருடையவை. அவர் பின்னாளிற் பம்பாய்க்கு வந்து பல்லாண்டுகள் மருத்துவப் பணி செய்தவர் என்பதையும் அவளே சொன்னாள்.

நூலைத் திறந்து பார்த்தேன். முகப்புத்தாளின் பின்புறத்திலே, அச்சிட்ட எண்ணுக்குக் கீழே, பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தாள்: ‘1901ஆம் ஆண்டுப் பதிப்பின் மறு அச்சு. அப்பா கொழும்பிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது.’

அதே எண்ணைத் தாங்கிய பிரதிகள் உலகில் எத்தனையோ இருக்கும். இந்த ஒரு பிரதியை அடையாளங் காட்ட அந்த இரண்டு வரி போதும். நூல்நிலையத்துக்குக் கொடுக்கும் எண்ணத்தை நான் விட்டுவிட்டேன்.